கூப்பன் கேட்ட ஆட்சேபணைகள்

என்னை இங்கே கூப்பிட்ட பிள்ளைகள், "உங்க சக்சஸ் ஸ்டோரி ஏதாவது சொல்லுங்க மேடம்" என்றார்கள். கேட்டதும் எரிச்சல்தான் வந்தது, மறைப்பானேன். ரிட்டயர் ஆனவர்களைக் கூப்பிட்டால் எல்லோரும் வெற்றிக் கதைதான் சொல்வார்கள். அதைக் கேட்டு யாரும் வேலை கற்றுக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. அதனால் நான் அடித்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். நம் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே அடிக்கக்கூடிய கூத்து அது.

அஃபிலியேட் தொழில் என்றால் என்ன என்று உங்கள் வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் இப்படித்தான் சொல்வேன்: ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறோம், அது கிடைக்கிற கடைக்கு ஒரு லிங்க் போடுகிறோம், படித்தவர் அந்த லிங்க் வழியாகப் போய் வாங்கினால் கடைக்காரர் நமக்குக் கமிஷன் தருகிறார். அவ்வளவுதான். இந்தத் தொழில் செய்கிற சின்னச் சின்ன ஆட்களுக்காக நான் ஒரு நியூஸ்லெட்டர் நடத்தினேன், இனி நீங்கள் எடுத்து நடத்தப்போவது அதைத்தான். எந்தக் கடை கமிஷனைக் குறைத்தது, எது சொல்லாமல் விதியை மாற்றியது, அரசாங்கத்தில் என்ன சட்டம் பேசுகிறார்கள் என்று வாரா வாரம் போடுவோம். ஆபீஸ் பெங்களூர் அடுகோடியில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடி. கீழே இரும்பு கடைகிற சத்தத்தில் போனில் கத்திக் கத்தித்தான் எனக்கு இந்தக் குரல் வந்தது. ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டில் என் கணவர், "கிளாரா, நீ ஜெபம் சொன்னாலும் சண்டை போடற மாதிரியே இருக்கு" என்பார்.

இணைய விளம்பரத்துக்கு வரி போடலாம் என்று அப்போது ஒரு சட்ட வரைவு வெளியானது. பெரிய கம்பெனிகள் விளம்பரத்தில் கொழிக்கின்றன, அவர்களிடம் வாங்கலாமே என்பது யோசனை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய கம்பெனி எந்த வரியையும் தன் கையில் வைத்துக்கொண்டிருக்காது, அடுத்தவன் தலையில் இறக்கிவிட்டுப் போய்விடும். போதாததற்கு அந்த வரைவின் நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது. கமிஷன் வருகிற எந்த லிங்க்கும் விளம்பரம், அதைப் போடுகிற எவரும் விளம்பர நிறுவனம், அப்படிப்பட்டவர் பதிவு செய்துகொண்டு மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். எழுதினவருக்குப் பெரிய ஆபீஸ்களும் கண்ணாடிக் கதவுகளும்தான் கண்ணில் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது ஜீவனஹள்ளி பிரமிளா.

பிரமிளா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். அதோடு தையல் மெஷின்களைப் பற்றித் தமிழில் எழுதுவாள், அதையே கன்னடத்தில் வீடியோவாகப் பேசுவாள். புது மெஷின் ஏதாவது வந்தால் தெரிந்த கடையிலிருந்து ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கி வருவாள். பழைய ஜீன்ஸ் பேண்டின் கீழ் மடிப்பை நாலாக மடித்து ஊசிக்கு அடியில் வைப்பாள். அதில் திணறாமல் ஓடினால்தான் நல்ல வார்த்தை எழுதுவாள். தையல் கூலியில் வீடு ஓடியது. மகளின் நர்சிங் காலேஜ் பீஸ் அந்த லிங்க்குகளிலிருந்து வந்தது.

வரைவு வந்த வாரமே, அவளுக்குக் கமிஷன் தருகிற ஆன்லைன் கடை ஒரு மெயில் அனுப்பியிருந்தது. இது சட்டமானால் பதிவு செய்யாத தனிநபர்களின் அக்கவுண்ட்டை மூடிவிடுவோம் என்று. பதிவு, மாதாமாதம் தாக்கல், அதற்கு ஒரு ஆடிட்டர் என்று போனால் அவளுக்கு வருகிற கமிஷனே மிஞ்சாது. ஆக, எப்படிப் பார்த்தாலும் போச்சு. அவள் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, இது நிஜமாவே வந்துடுமா? பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"நான் இருக்கிற வரைக்கும் வர விடமாட்டேன், நீ போய்த் தை" என்றேன். வாய்தான் எனக்கு எப்போதும் முன்னால் போகும்.

ஆட்சேபணை இருப்பவர்கள் ஒரு தேதிக்குள் எழுத்து மூலம் கொடுக்கலாம், அதற்குப் பிறகு நேரில் விசாரணை என்று அறிவித்திருந்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சின்னச் சங்கம் இருந்தது, அதன் பேரில் எழுதிய கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட கிளார்க் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஜன எல்லி மேடம்?" என்று கேட்டார். ஜனங்கள் எங்கே என்று. கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. தலைக்கணக்கு கேட்கிறார்கள், காட்டுகிறேன் பார் என்று படியிறங்கினேன். அந்த மனிதர் கேட்டது வேறு, நான் எடுத்துக்கொண்டது வேறு.

நியூஸ்லெட்டரில் பெரிதாக எழுதினேன், ஆட்சேபணை எழுதி அனுப்புங்கள் என்று. பத்து நாளில் வந்தவற்றை ஒரு கையால் தூக்கிவிடலாம். எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்போதுதான் சரவணன் வந்தான். எங்கள் சங்கத்துச் செயலாளர், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து, தள்ளுபடிக் கூப்பன் தருகிற இணையதளம் நடத்துகிறவன். நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற கெட்டிக்காரன்.

"மேடம், ஆளைக் கூட்டிட்டு வர்றது நமக்குத் தெரியாத வேலையா? மனுவை ஆன்லைன் ஃபார்ம் ஆக்குவோம். மெம்பர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி லிங்க். யார் லிங்க்ல நிறைய கையெழுத்து விழுதோ அவங்களுக்கு ஒரு போன் பரிசு. பாருங்க, எப்படி ஓடுதுன்னு."

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மிக்ஸி விற்க அதைத்தானே செய்கிறோம், மனுவுக்குச் செய்தால் என்ன? பெயர், ஊர், போன் நம்பர், 'எதற்காக எதிர்க்கிறீர்கள்' என்று ஒரு கட்டம். ஃபார்ம் தயாரானது. போட்டி லிங்க்கை எல்லோருக்கும் அனுப்பினேன். பிரமிளாவுக்கும் அனுப்பினேன். அவளும் தன் பக்கத்தில் போட்டாள்.

ஐயோ, அப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டுமே! கையெழுத்து மழையாகக் கொட்டியது. சரவணன் மணிக்கொரு தரம் எண்ணிக்கை அனுப்புவான், நான் பட்டறைக்காரர்களுக்குக் கூட டீ வாங்கிக் கொடுத்தேன். நியூஸ்லெட்டரின் முதல் பக்கத்தில் அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டேன். இத்தனை ஆயிரம் பேர் எதிர்க்கிறார்கள் என்று விசாரணை அதிகாரிக்குக் கையெழுத்துப் போட்டுக் கடிதமும் அனுப்பினேன். நியூஸ்லெட்டர் ஆசிரியர் நான். எந்தக் கடைக்காரன் சொன்ன எண்ணையும் இரண்டு இடத்தில் சரிபார்க்காமல் போட்டதில்லை. என் சொந்த எண்ணை மட்டும் நான் சரிபார்க்கவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் காலை. எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டு மூன்று பெரிய கட்டாகக் கட்டி மேஜை மேல் வைத்திருந்தோம். பிரமிளா வந்தாள். தன் ஆட்சேபணையைக் கன்னடத்தில் கையாலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஃபார்மில் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் சொல்ல வேண்டியது அடங்கவில்லையாம். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் சும்மா உட்காராமல் மேல் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க ஒருத்தர் கூப்பன் எப்போ வரும்னு கேட்டிருக்காரே?"

"எங்கே?"

"எதற்காக எதிர்க்கிறீர்கள்ங்கிற கட்டத்துல."

போனை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அதற்குக் கீழே ஒருவர் 'ஓடிபி வரவில்லை' என்று எழுதியிருந்தார். அடுத்தவர் 'சைஸ் எல்'. இன்னொருவர் 'குட்'. பக்கத்தைத் திருப்பினால், 'ஃப்ரீ டெலிவரி உண்டா?' ஒரு புண்ணியவான், 'வரி கண்டிப்பாகப் போட வேண்டும்' என்று எழுதியிருந்தார். அது எங்கள் எதிர்ப்பு மனுவில் இருந்தது.

நடந்தது இதுதான். பரிசு போனுக்கு ஆசைப்பட்ட சிலர், 'இந்த ஃபார்மை நிரப்பினால் கூப்பன்' என்று தங்கள் தளங்களில் போட்டிருந்தார்கள். நம் ஆட்களுக்கு அது பழக்கம், கெட்ட எண்ணம் இல்லை. ஜனங்களும் நிரப்பினார்கள். போட்டியில் முதல் இடத்தில் இருந்தவர் பெங்களூரையே பார்த்திராத ஒருவர்.

முதலில் எனக்குத் தோன்றிய புத்தியையும் சொல்லிவிடுகிறேன். அபத்தமானவற்றை மட்டும் உருவிவிட்டு மிச்சத்தைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒழுங்காக எழுதியிருந்தவர்களில் பத்துப் பேருக்குப் போன் செய்தேன். ஏழு பேர் எந்த ஃபார்ம் என்று கேட்டார்கள். இரண்டு பேர் என்னை லோன் விற்கிறவள் என்று நினைத்துத் திட்டினார்கள். ஒரே ஒருவருக்குத்தான் வரி என்று ஒன்று வருகிறது என்றே தெரிந்திருந்தது.

சரவணன் படியேறி வந்தான். கட்டைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்.

"மேடம், யார் இதையெல்லாம் உக்காந்து படிக்கப் போறாங்க? கட்டு எவ்வளவு தடிமன்னுதான் பார்ப்பாங்க. கொடுத்துடுவோம்."

"பிரமிளா ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சாளே சரவணா?"

"வாபஸ் வாங்கினா மட்டும்? நீங்க ஏற்கெனவே நம்பர் எழுதிக் கொடுத்துட்டீங்க. நாளைக்கு நம்மளை ஜோக்கர்னு சிரிப்பாங்க. அப்புறம் நம்ம பேச்சை எவன் கேப்பான்? என்கிட்ட நாலு பேர் வேலை செய்யறாங்க மேடம். நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

அவன் சொன்னதில் பாதி உண்மை. எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கொடுத்தால் தப்பித்தாலும் தப்பிக்கலாம், கொடுக்காவிட்டால் இன்றைக்கே மானம் போகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான். ஆனால் யாரும் சோற்றைக் கிளற மாட்டார்கள் என்று நினைத்துவிட்டால் மறைக்கத்தான் தோன்றுகிறது.

பிரமிளா தன் கடிதத்தை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள்.

"இதைக் கொடுத்தீங்கன்னா என் லெட்டரும் இதுக்குள்ளதான் இருக்கும், இல்லக்கா?"

கீழே பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்த மூன்று கட்டுகளையும் தூக்கி அலமாரிக்கு அடியில் தள்ளினேன். "சரவணா, போனை எடு. எழுத வேணாம், நேர்ல வர்றவங்க மட்டும் போதும். நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு யார் வந்து தன் வாயால சொல்லுவாங்கன்னு கேளு" என்றேன். அவன் முறைத்தான். முறைத்துக்கொண்டே போனை எடுத்தான், அதற்காக இன்றைக்கும் அவன் மேல் எனக்கு மரியாதை உண்டு.

நாங்கள் மூன்று பேரும் சாயங்காலம் வரை கூப்பிட்டோம். எத்தனை வருஷமாக என் நியூஸ்லெட்டரைப் படிக்கிறவர்கள்! அவர்களில் பாதிப் பேரின் குரலை நான் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன். லீவு கிடைக்காது என்றார்கள், பயமாக இருக்கிறது என்றார்கள், பேர் வெளியே வருமா என்றார்கள். எங்களையும் சேர்த்துப் பதினோரு பேர் வருவதாகச் சொன்னார்கள். அந்த எண்ணைக் கேட்டு அழுகை வந்தது. வருவது வரட்டும் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து திருத்தத்தை எழுதினேன். போன இதழில் எண்ணைப் போட்ட அதே முதல் பக்கம், அதே கொட்டை எழுத்து. நாங்கள் சொன்ன எண்ணிக்கை தவறு, பரிசுப் போட்டி வைத்தது என் தவறு, வாபஸ் பெறுகிறோம். விசாரணைக்குப் போவதற்கு முன்னால் அது எல்லோர் இன்பாக்ஸிலும் இருந்தது. வசவு வாங்கினேன் பாருங்கள், கிலோ கணக்கில்! மீசை வைத்த பெரிய மனிதர்கள் எல்லாம் வாட்ஸ்ஆப்பில் என்னை ஏகவசனத்தில் எழுதினார்கள்.

விசாரணை அறையில் அதிகாரி என் பழைய கடிதத்தை எடுத்து வைத்திருந்தார். அவர் உட்காரச் சொல்வதற்கு முன்பே, நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

"சார், அந்த லெட்டர்ல இருக்கற நம்பர் தப்பு. போட்டி வெச்சு வாங்கின கையெழுத்து அது. அதை வாபஸ் வாங்கறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நீங்க எத்தனை பேரு?"

"பதினோரு பேர் சார். இங்கேயே இருக்கோம்."

"போன வாரம் ஆயிரக்கணக்குல சொன்னீங்க. இன்னைக்குப் பதினொண்ணு. இதை மட்டும் நான் யாக்கே, எதுக்கு நம்பணும்?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிரமிளா எழுந்தாள். அவள் கன்னடத்தில் பேசியதை நான் தமிழில் சொல்கிறேன்.

"நம்ப வேணாம் சார், கேளுங்க. நான் தையல்காரி. மெஷினை ஓட்டிப் பார்த்து எழுதறேன். யாராவது வாங்கினா கடை கமிஷன் தருது, அதுலயே வரியும் பிடிச்சுட்டுத்தான் தருது. இப்போ என்னை விளம்பர நிறுவனம்னு சொல்றீங்க. பெரிய கம்பெனிக்கு வரி போட்டா அது விலையில ஏத்திடும். எனக்குப் போட்டா நான் அதை யார் மேல ஏத்தறது?"

அதிகாரி பேனாவை எடுத்தார். "கமிஷன் வருதுன்னா நல்லா இருக்குன்னுதானே எழுதுவீங்க? அது விளம்பரம்தானே?"

பிரமிளா போனைத் திறந்து மேஜையில் வைத்தாள். ஒரு மெஷின், ஜீன்ஸ் துணியில் ஊசி உடைந்து நிற்கிற படம். அதற்குக் கீழே, தமிழிலும் கன்னடத்திலும், 'இதை வாங்காதீர்கள்.'

"இதுக்கு எனக்கு ஒரு பைசா வராது சார். வாங்காதீங்கன்னு எந்த விளம்பர நிறுவனம் சார் எழுதும்?"

அவர் அந்தப் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்திப் படித்தார். ரொம்ப நேரம் படித்த மாதிரி எனக்கு இருந்தது. பிறகு ஃபைலில் ஏதோ எழுதினார். மிச்சப் பத்துப் பேரையும் ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார். பிள்ளைகளின் பாடப் புத்தகங்களைப் பற்றி எழுதுகிற ஒரு வாத்தியார், சக்கர நாற்காலிகளைப் பற்றி எழுதுகிற ஒருவர், எல்லோரும் தங்கள் வேலையைச் சொன்னார்கள். கடைசியில் சரவணனும் எழுந்து, தன் தளம் கம்பெனிதான், ஆனால் சின்னக் கம்பெனி என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். என் கடிதத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "ஃபைல்ல இருக்கட்டும். வாபஸ்னு மேல எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட மிகக் கசப்பான கையெழுத்து அது.

சில மாதம் கழித்துத் திருத்திய வரைவு வந்தது. தானே பயன்படுத்திப் பார்த்துத் தன் பெயரில் எழுதுகிற தனிநபர்கள் விளம்பர நிறுவனம் ஆகமாட்டார்கள், அவர்களுக்குப் பதிவும் இல்லை, தாக்கலும் இல்லை. கம்பெனிகளுக்கு வரி அப்படியே நின்றது. வரியே வேண்டாம் என்று போன நாங்கள் பாதிதான் வாங்கிவந்தோம். சரவணன் பதிவு செய்துகொண்டான், என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. அந்த மிச்சப் பாதிக்காக நானும் அவனும் பிறகு எத்தனையோ விசாரணைக்குப் போனோம், இன்னும் போகிறோம். வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிற விஷயமில்லை அது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கட்டுத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

செய்தி வந்த அன்று போனில் சொல்ல மனம் வராமல் ஜீவனஹள்ளிக்கே போனேன். பிரமிளா ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். வரைவைப் படித்து, அக்கவுண்ட் இனி மூடப்படாது என்று சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை, அந்தக் கையை முழுசாகத் தைத்து முடித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "பொண்ணு ரெண்டு வருஷமும் படிச்சு முடிச்சுடுவா" என்றாள். காப்பி போட எழுந்தவள், நின்று திரும்பினாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்தப் போட்டி லிங்க் வந்தன்னைக்கே எனக்குத் தெரியும்கா, இது சரிப்படாதுன்னு. பரிசுன்னு சொன்னா கண்டவங்களும் வருவாங்க. நீங்க அனுப்பினீங்களேன்னு போட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி, அப்பவே என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க என்னை ஒரு வார்த்தை கேக்கலையே, லிங்க்தானேக்கா அனுப்பினீங்க. லிங்க்கோட எப்படிக்கா பேசறது?"

கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு ஆபீஸுக்கு வந்தேன். அந்த வார இதழின் முதல் பக்கத்தில், தலைப்புக்குப் பக்கத்திலேயே, அதுவரை தெரிந்த சிலரிடம் மட்டுமே இருந்த என் போன் நம்பரைப் போட்டேன். அன்றிலிருந்து அது அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இனி அந்த இடத்தில் உங்கள் நம்பரைப் போடுங்கள். அடித்தால் எடுங்கள்.